புத்தி தெளிந்த பின்பு: உளநோயுற்றோரின் மறுவாழ்வும் திருச்சபையும்

நோய் நீங்கியவர் எங்கே செல்வது? உடல்நோயைப் பொறுத்தவரை இக்கேள்வி பெரும்பாலும் எழுவதில்லை. காய்ச்சல் நீங்கியவர் வயலுக்குச் செல்கிறார். எலும்பு முறிவு குணமானவர் கடைக்குத் திரும்புகிறார். அவருடைய இடம் அவருக்காகக் காத்திருக்கிறது. ஆனால் கடுமையான உளநோய்க்கு ஆளாகி, எட்டோ பத்தோ ஆண்டுகளை வீட்டின் பின்கட்டிலோ, தெருவோரத்திலோ, ஏதேனும் ஒரு காப்பகத்திலோ கழித்த ஒருவர் மருந்தினால் தெளிவடையும்போது அவருக்கென்று காத்திருக்கும் இடம் எதுவும் இல்லை. உடன் படித்தவர்கள் மணமுடித்துப் பிள்ளைகளைப் பெற்றுவிட்டனர். அவர் பார்த்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. குடும்ப நிலம் உடன்பிறந்தோரிடையே பங்கிடப்பட்டுவிட்டது. குடும்ப அட்டையிலிருந்தும் அவருடைய பெயர் நீக்கப்பட்டிருக்கலாம். நோய் போயிற்று, வாழ்வு இன்னும் வரவில்லை.

இந்த இடைவெளியைப் புதுக்கோட்டை மாவட்டத்தில் நடைபெற்ற சில முயற்சிகளின் துணைகொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். நாம் வலியுறுத்த விரும்புவது ஒன்றே. உளநோயிலிருந்து மீண்டவர் முதலில் தம் தகுதியை மெய்ப்பிக்க வேண்டும், அதன்பின் அவருக்கு இடம் தரலாம் என்று குடும்பமும் சமுதாயமும், பல வேளைகளில் சபையும் ஒரு வரிசையை வகுத்து வைத்துள்ளன. அவ்வரிசை தலைகீழானது. இடம் முதலில் தரப்பட வேண்டும். அவ்விடத்தில் நின்றுதான் தகுதி வளரும்.

1. நோயும் தனிமையும்

கடும் உளநோய்களுள் மனச்சிதைவு முதன்மையானது. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 300 பேரில் ஒருவர் இந்நோயுடன் வாழ்கின்றனர். இது பெரும்பாலும் பதின்வயதின் இறுதியிலோ இருபதுகளிலோ தலைகாட்டுகிறது. படிப்பை முடித்து, தொழில் கற்று, குடும்பம் அமைக்கும் பருவம் அது. எனவே நோய் கொள்ளையிடுவது நோயுற்ற ஆண்டுகளை மட்டுமன்று; அவ்வாண்டுகளில் கட்டப்பட்டிருக்க வேண்டிய அடித்தளத்தையும் சேர்த்தே கொள்ளையிடுகிறது.

இந்நோயின் அறிகுறிகள் இருவகைப்படும். இல்லாத குரல் கேட்பது, பிறர் தமக்குத் தீங்கு செய்யச் சூழ்வதாக உறுதியாக நம்புவது, தொடர்பின்றிப் பேசுவது ஆகியவை முதல்வகை. இவை ஊரார் கண்ணுக்குத் தெரிகின்றன. மருந்துகளும் இவற்றைப் பலருக்கு நன்கு கட்டுப்படுத்துகின்றன. ஊக்கமின்மை, பேச்சுக் குறைதல், முகத்தில் உணர்ச்சி மங்குதல், மனிதரை விட்டு விலகியிருத்தல் ஆகியவை இரண்டாம் வகை. இவற்றுக்கு மருந்து தரும் பயன் குறைவே. வீட்டார் குழம்புவது இங்கேதான். “கத்துவதும் ஓடுவதும் நின்றுவிட்டன, மாத்திரையும் சாப்பிடுகிறான், ஆனாலும் பகலெல்லாம் படுத்தே கிடக்கிறான்” என்று அவர்கள் வருந்துகின்றனர். நோயின் எஞ்சிய பகுதியைச் சோம்பல் என்று கருதி ஏசுகின்றனர். ஏச்சு கூடக்கூட நோயாளி மேலும் ஒதுங்குகிறார்.

தனிமை முதலில் நோயின் விளைவாக வருகிறது. பின்பு அதுவே நோயை வளர்க்கும் காரணமாகிறது. நெடுநாள் பேசாதிருந்தவருக்கு உரையாடல் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது மறந்துபோகிறது. கடையில் பாக்கிச் சில்லறையை எண்ணி வாங்குவதும், பேருந்தில் நடத்துநரிடம் ஊர்ப்பெயர் சொல்லிச் சீட்டு வாங்குவதும், சாவு வீட்டில் எங்கே அமர்வது என்று அறிவதும் கூடப் புதிதாகக் கற்க வேண்டியவை ஆகின்றன. இவற்றை வீட்டினுள் இருந்து கற்க இயலாது. மனிதரிடையே இருந்துதான் கற்க இயலும்.

ஆயினும் நம்பிக்கைக்கு வலுவான காரணம் உண்டு. 1980-களின் தொடக்கத்தில் சென்னையில் முதன்முறையாக இந்நோய்க்கு ஆளான 90 பேரைத் தெரிவுசெய்து மருத்துவர்கள் பல்லாண்டுகள் தொடர்ந்து கவனித்து வந்தனர். பத்தாண்டுகள் கழிந்தபோது அவர்களுள் பெரும்பாலோரின் நிலை நன்கு தேறியிருந்தது. ஆண்களுள் மிகப் பலர் ஏதேனும் ஒரு வேலையில் இருந்தனர். மனச்சிதைவு வந்தால் வாழ்வு முடிந்தது என்னும் ஊர்ப்பேச்சுக்கு இது தக்க மறுப்பாகும். ஆனால் சிகிச்சை உரியவரைச் சென்றடைய வேண்டும். 2015-16 இல் நடந்த தேசிய மனநல ஆய்வு, நம் நாட்டில் உளநோயுற்றோரில் நோயின் வகைக்கேற்ப 70 முதல் 92 விழுக்காட்டினர் சிகிச்சை பெறாதிருப்பதைக் காட்டிற்று.

2. ஏர்வாடி கற்பித்தது

2001 ஆம் ஆண்டு ஆகஸ்டு 6 ஆம் நாள் விடியற்காலையில் இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் ஒரு தனியார் மனநலக் காப்பகத்தின் ஓலைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. உள்ளே இருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்ததால் ஓட இயலவில்லை. 28 பேர் மாண்டனர். உச்சநீதிமன்றம் தானாகவே இதனை வழக்காக எடுத்துக்கொண்டது. மாநிலந்தோறும் இத்தகைய இடங்கள் கணக்கெடுக்கப்பட்டன.

அங்கிருந்தோரைக் கொண்டுவந்து விட்டவர்கள் கொடியவர்கள் அல்லர். அருகில் மருத்துவரில்லாமல், கைப்பொருள் கரைந்து, வேறு வழி காணாத தாய் தந்தையரும் உடன்பிறந்தாருமே அவர்கள். நேர்ச்சைக்கென அழைத்துச் சென்று, தெளிவு வரும்வரை அங்கேயே தங்கவைத்தனர். வருகை மெல்லக் குறைந்தது, பின்னர் நின்றது. இது ஒரு சமயத்தாருக்கு மட்டும் உரிய வழக்கமன்று. தர்காக்களிலும் கோயில்களிலும் கிறிஸ்தவ ஜெப வீடுகளிலும் இதே காட்சியைத் தமிழ்நாடு கண்டிருக்கிறது.

2018 இல் நடைமுறைக்கு வந்த 2017 ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், உளநோயுற்றவரை எவ்வகையிலும் சங்கிலியால் பிணைத்தலாகாது என்று தடைசெய்துள்ளது. அரசு நிதியில் நடைபெறும் மனநலச் சேவையைப் பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்றும், சமுதாயத்தில் பிறரோடு வாழ்வதும் அவர்தம் உரிமை என்றும் கூறுகிறது. குடும்பம் கைவிட்டது என்னும் ஒரே காரணத்திற்காக ஒருவரை மருத்துவமனையிலேயே வைத்திருத்தல் கூடாது. 2016 ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் உளநோயையும் ஊனங்களின் பட்டியலில் சேர்த்துள்ளது. சட்டம் சங்கிலியை அறுக்கும். ஆனால் அண்டைவீட்டாரை உண்டாக்க அதனால் இயலாது. அப்பணி எஞ்சியிருக்கிறது.

3. புதுக்கோட்டையில் நடந்தவை

வானம் பார்த்த பூமியும் கண்மாய்ப் பாசனமுமாக அமைந்தது புதுக்கோட்டை மாவட்டம். உளநோய் மருத்துவர் ஒருவரைப் பார்க்க இங்குள்ள சிற்றூரார் ஒரு நாள் கூலியை இழந்து, பேருந்துச் செலவும் செய்து, நோயாளியைக் கூட்டிக்கொண்டு நகரத்திற்குச் செல்ல வேண்டியிருந்தது. நோயாளி வர மறுத்தால் அதுவும் இல்லை.

இந்நிலையில், மருத்துவர் சாரதா மேனன் முன்னின்று 1984 இல் சென்னையில் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ என்னும் மனச்சிதைவு ஆராய்ச்சி நிறுவனம், 2010 இல் இம்மாவட்டத்தில் ஒரு புதிய முயற்சியை மேற்கொண்டது. ஒரு பேருந்தே நடமாடும் மருத்துவமனையாக மாற்றப்பட்டது. அதனுள் ஆலோசனை அறையும் மருந்தகமும் இருந்தன. சிற்றூரில் நின்ற அவ்வண்டியில் அமர்ந்த நோயாளியுடன் சென்னையிலிருந்த மருத்துவர் காணொளி வழியே பேசினார். எழுதிய மருந்து அங்கேயே வழங்கப்பட்டது. உளநோய் பற்றிய படங்களும் ஊராருக்குக் காட்டப்பட்டன. ஆயினும் இம்முயற்சியின் உயிர்நாடி காணொளிக் கருவியன்று என்றே நாம் கருதுகிறோம். உள்ளூரில் பயிற்சி பெற்ற பணியாளர்கள் வீடுவீடாகச் சென்று நோயாளிகளைக் கண்டறிந்தனர், வராதவரைத் தேடிப் போயினர், குடும்பத்தாரோடு பேசினர். வண்டி ஊருக்கு வருமுன் ஒரு மனிதர் வீட்டு வாசலுக்கு வந்தார் என்பதே முக்கியம்.

தெருவில் அலையும் உளநோயுற்றோருக்கெனத் தமிழக அரசு 2018-க்குப் பின் மாவட்டங்களில் அமைத்து வந்த அவசரச் சிகிச்சை மற்றும் மீட்பு மையங்களுள் ஒன்று புதுக்கோட்டையிலும் அமைந்தது. பெயரும் ஊரும் சொல்ல இயலாதவராய்ச் சேர்க்கப்பட்டவர்கள், உணவும் நீராட்டும் மருந்தும் பெற்றுச் சில வாரங்களில் தம் ஊரின் பெயரைச் சொல்லத் தொடங்குகின்றனர். சிலருக்கு வீட்டார் கிடைக்கின்றனர். இறந்துவிட்டார் என்று கருதிய மகனோ மனைவியோ உயிரோடு திரும்புவதும் உண்டு. வேறு சிலரின் வீட்டாரோ, இருக்குமிடம் தெரிந்தபின்னும் அழைத்துச் செல்லத் தயங்குகின்றனர். நாம் தொடக்கத்தில் எழுப்பிய கேள்வி இத்தயக்கத்தில் உயிரோடு நிற்கிறது.

இம்மாவட்டத்திற்கு இது முற்றிலும் புதிய பாடமன்று. 1991 இல் இங்கே தொடங்கிய அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு மிதிவண்டியையும் சிற்றூர்ப் பெண்களின் கையில் கொடுத்தது. அன்றைய மாவட்ட ஆட்சியர் ஷீலாராணி சுங்கத் அதற்குப் பெருந்துணையாக நின்றார். ஓரிரு ஆண்டுகளில் இலட்சத்திற்கும் மேற்பட்ட பெண்கள் மிதிவண்டி ஓட்டக் கற்றனர். வீட்டையும் வயலையும் தவிர வேறிடம் அறியாதிருந்த பெண்கள், “முதலில் படித்துத் தேறு, பிறகு வெளியே வா” என்று சொல்லப்படவில்லை. ஊர்ப் பொட்டலில், பலரோடு சேர்ந்து, விழுந்து எழுந்து கற்றனர். பொதுவெளிக்கு வந்ததனால் துணிவு பிறந்தது; துணிவு பிறந்தபின் வெளியே வந்தவர்கள் அல்லர். உளநோயிலிருந்து மீள்வோர்க்கும் இவ்வழியே பொருந்தும்.

4. கல்லறைகளிலிருந்து இல்லத்திற்கு

மாற்கு 5:1-20 இல் காணும் கெரசேனர் நாட்டு மனிதனின் வரலாற்றை இங்கே எண்ணிப் பார்ப்பது தகும். ஆனால் முதலில் ஓர் எச்சரிக்கை தேவை. இப்பகுதியை வைத்துக்கொண்டு உளநோய் யாவும் பேயின் செயலே என்று போதிப்போர் உளர். மத்தேயு 4:24 பேய்பிடித்தோரையும், சந்திரரோகிகளையும், திமிர்வாதக்காரரையும் தனித்தனியே குறிப்பிடுவதை அவர்கள் காணத் தவறுகின்றனர். நோயை நோயென்று அறியும் பகுத்தறிவு திருமறைக்கு அயலானதன்று. எனவே அம்மனிதனின் நோய்க்குப் பெயர் சூட்டுவது நம் நோக்கமன்று. அவனுக்கும் அவ்வூராருக்கும் இடையே என்ன நிகழ்ந்தது என்பதையே நாம் காண்போம்.

ஊரார் அவனுக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றே: கட்டிவைப்பது. இயேசு செய்தது அவன் பெயரைக் கேட்டது. அவன் தெளிந்தபின் ஆடை அணிந்து அமர்ந்திருந்தான் என்று வாசிக்கிறோம். அவன் நெடுநாள் ஆடையின்றி இருந்ததை லூக்கா தெரிவிக்கிறார். அப்படியாயின் அவ்வாடையைக் கொடுத்தவர் யார்? நற்செய்தியாளர் கூறவில்லை. யாரோ ஒருவர் தம்முடையதைக் கழற்றிக் கொடுத்திருக்க வேண்டும். மறுவாழ்வுப் பணியில் பெரும்பகுதி இவ்வாறு பெயர் குறிக்கப்படாத கைகளாலேயே நடைபெறுகிறது.

அடுத்து வருவது நம்மைத் திகைக்கச் செய்கிறது. அவன் தெளிந்திருப்பதைக் கண்டபோது ஊரார் அஞ்சினர். வெறிகொண்டவனோடு எப்படி வாழ்வது என்பதை அவர்கள் அறிந்திருந்தனர். அவனுக்கெனக் கல்லறைகளை ஒதுக்கி, தங்களுக்கென ஊரை வைத்துக்கொண்டனர். தெளிந்தவனோ இடம் கேட்பான். அவனோடு விலை பேச வேண்டும். பந்தியில் இலை போட வேண்டும். பெண் கேட்டால் பதில் சொல்ல வேண்டும். பன்றிகளின் இழப்போடு இதுவும் அவர்தம் அச்சத்திற்குக் காரணமாயிருக்கலாம்.

குணமடைந்தவன் இயேசுவோடு செல்லவே விரும்பினான். தன்னைக் கட்டிய கைகள் உள்ள ஊருக்குத் திரும்ப அவன் அஞ்சியிருந்தால் வியப்பில்லை. இயேசு அவனை உடன் அழைத்துச் செல்லாமல் அவன் வீட்டாரிடம் அனுப்பினார். அவனுக்கு ஒரு பொறுப்பையும் கொடுத்து அனுப்பினார்: தனக்கு நேர்ந்ததைத் தன் மக்களுக்குச் சொல்லும் பொறுப்பு. ஆறு மாதம் பார்த்தபின் ஒப்படைக்கப்பட்ட பொறுப்பன்று அது. தெளிந்த அன்றே ஒப்படைக்கப்பட்டது. குணமளித்தல் கரையோரத்தில் தொடங்கிற்று. அது நிறைவு பெற வேண்டிய இடம் இல்லமே.

5. உழைப்பும் ஊதியமும்

உழைக்காதவன் உண்ணலாகாது என்று பொருள்படும் பவுலின் அறிவுரையை (2 தெசலோனிக்கேயர் 3:10) இத்தகையோர்மீது வீசுவோர் உண்டு. பவுல் அங்கே பேசுவது உழைக்க மனமில்லாதவரைக் குறித்து. உழைக்க வாய்ப்பில்லாதவரைக் குறித்தன்று. திராட்சைத் தோட்ட உவமையில் (மத்தேயு 20) மாலைவரை சந்தையில் நின்றவர்கள், தங்களை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றே காரணம் கூறினர். தோட்டக்காரர் அதனை ஏற்றுக்கொண்டார். சோம்பேறிகள் என்று அவர்களைப் பழிக்கவில்லை.

உளநோயிலிருந்து மீள்பவருக்குப் பல மாதங்கள் கூடை முடைதலையும் மெழுகுவர்த்தி செய்தலையும் கற்பித்து, தேறியபின் வேலை தேடித் தருவதே நெடுங்கால வழக்கமாயிருந்தது. 1990-களில் அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் இராபர்ட் டிரேக், டெபோரா பெக்கர் ஆகியோர் இவ்வரிசையை மாற்றிப் பார்த்தனர். விரும்பும் நோயாளியை உடனே உண்மையான ஒரு வேலையில் அமர்த்தி, அவ்வேலையிலேயே துணைநின்று பழக்கினர். இம்முறையில் வேலை பெற்றோர் தொகை பழைய முறையைவிட மிகுதி என்பதைப் பல நாடுகளில் நடந்த ஆய்வுகள் உறுதிப்படுத்தியுள்ளன. இடம் முதலில், பயிற்சி பின்பு என்பது இரக்கத்தின் பேச்சு மட்டுமன்று. சோதித்து அறிந்த உண்மையுமாகும்.

நம் சிற்றூர்களில் இதற்கு வழி உண்டா? உண்டு என்றே நாம் எண்ணுகிறோம். கீரமங்கலம் வட்டாரத்தில் பூப்பறித்தலும் தொடுத்தலும், ஆதனக்கோட்டையில் முந்திரி உடைத்தலும், எங்கும் உள்ள ஆடு வளர்ப்பும் அளவுக்கேற்பச் செய்யக்கூடியவை. ஆட்டுக்கு மேய்ப்பவரின் பழைய நோய் தெரியாது. ஆனால் காலையில் அவரை எழுப்பிவிடும். மூன்று நெறிகளை இங்கே மனத்திற்கொள்ள வேண்டும். முதலாவது, தொடக்கத்தில் வேலை சிறியதாக இருக்கட்டும். மருந்தின் மயக்கம் காலையில் மிகுதியாயிருப்பின் பிற்பகலில் இரண்டு மணி நேரம் போதும். இரண்டாவது, செய்த வேலைக்குரிய கூலியை அவர் கையிலேயே கொடுக்க வேண்டும். சாப்பாடு போடுகிறோம் என்று சொல்லி ஊதியமின்றி வேலை வாங்குவது சங்கிலியின் மற்றொரு வடிவம். மூன்றாவது, இடையில் நோய் மீண்டும் தலைகாட்டினால் அதனைத் தோல்வி என்று கருதி வேலையைப் பறித்தலாகாது. பெத்சாயிதாவில் பார்வையற்றவர் இரு படிகளில் பார்வை பெற்றார் (மாற்கு 8:22-26). முதல் தொடுதலில் மனிதர் மரங்களைப் போலத் தோன்றினர் என்பதற்காக இயேசு அவரை விட்டுச் செல்லவில்லை.

6. குடும்பத்தைத் தாங்குதல்

வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி 1957 இல் பாகாயத்தில் தொடங்கிய மனநல மையத்தில், நோயாளியோடு குடும்பத்தார் ஒருவரும் தங்கியிருக்கும் முறை கைக்கொள்ளப்பட்டது. அதே பத்தாண்டில் அமிர்தசரசில் மருத்துவர் வித்யாசாகர் மருத்துவமனை வளாகத்தில் கூடாரங்கள் அடித்துக் குடும்பத்தாரைத் தங்கவைத்தார். நோயைப் பற்றி அறிந்த குடும்பம் நோயாளியைத் திரும்ப அழைத்துச் செல்ல அஞ்சவில்லை. மேனாட்டார் நெடுஞ்சுவர் எழுப்பிப் பிரித்து வைத்தபோது, நம் நாட்டில் இவ்விரு இடங்களும் உறவை மருந்தாக்கின.

ஆனால் உறவும் சோர்வடையும். நாற்பது வயது மகனுக்கு மாத்திரையை எண்ணிக் கொடுக்கும் எழுபது வயதுத் தாயின் உள்ளத்தில் ஒரே கேள்வி நிற்கிறது: எனக்குப் பின் இவனை யார் பார்ப்பார்? பெண்களின் நிலை இன்னும் கடினம். நோயுற்ற ஆணை மனைவியோ தாயோ பார்த்துக்கொள்கிறார். நோயுற்ற பெண்ணோ பல வேளைகளில் பிறந்த வீட்டில் கொண்டுவந்து விடப்படுகிறார். அண்ணன் தம்பி குடும்பங்களில் அவர் மிகையானவராகிறார். இவர்களுக்கு அறிவுரை வேண்டாம். மாதத்தில் ஒரு பகல் ஓய்வு வேண்டும். மருத்துவமனைக்கு உடன்வரும் ஒருவர் வேண்டும்.

7. சபைகள் செய்யக்கூடியவை

பெரிய நிறுவனங்களை எழுப்ப எல்லாச் சபைகளாலும் இயலாது. ஆனால் எந்தச் சிற்றூர்ச் சபையும் கீழ்க்காண்பவற்றைச் செய்ய இயலும்.

(அ) ஜெபிப்பவர் மருந்தை நிறுத்தச் சொல்லலாகாது. மருந்தை நிறுத்துவது விசுவாசத்தின் அடையாளமன்று. நோய் திரும்பி வருவதற்கு அது ஒரு முதன்மையான காரணம். ஆயர்கள் இதனைப் பிரசங்க பீடத்திலிருந்தே தெளிவாகக் கூற வேண்டும்.

(ஆ) இருவர் கொண்ட குழு வாரம் ஒருமுறை, ஒரே நாளில், ஒரே நேரத்தில் சென்று கால்மணி நேரம் அமர்ந்திருக்கட்டும். அவர் பேசாவிடினும் செல்லட்டும். எப்போதாவது கூட்டமாகச் சென்று நெடுநேரம் ஜெபிப்பதைவிட இது நன்று.

(இ) ஆலயத்தில் அவருக்கு ஒரு சிறு பணி கொடுக்கப்படட்டும். பாய் விரித்தல், மணி அடித்தல், பாட்டுப் புத்தகம் வழங்குதல் ஆகியவற்றைச் செய்பவர் இல்லாதபோது சபை அவரைத் தேடும். தேடப்படுவதே ஒருவருக்கு இடம் உண்டு என்பதன் பொருள்.

(ஈ) மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, மாதப் பராமரிப்பு உதவித்தொகை ஆகியவற்றுக்கு விண்ணப்பிக்கப் படித்த இளைஞர்கள் உதவட்டும். அரசு மருத்துவமனையின் மாவட்ட மனநலப் பிரிவை அறிந்துவைத்திருக்கட்டும். 2022 இல் தொடங்கப்பட்ட 14416 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண் ஆலய அறிவிப்புப் பலகையில் எழுதப்படட்டும்.

(உ) சபையாருள் கடையோ தோட்டமோ பட்டறையோ உடையவர்கள், ஓர் ஆளுக்கு அரைநாள் வேலை தர முன்வரட்டும். காணிக்கைத் தட்டில் விழும் தொகையைவிட இது பெரிய காணிக்கை.

கெரசேனர் நாட்டு மனிதன் தன் வீட்டு வாசலை அடைந்த நாளைப் பற்றி நற்செய்தி நூல்கள் ஒன்றும் கூறவில்லை. கதவு திறந்ததா, திறந்தவர் அஞ்சினாரா, அன்றிரவு அவன் எங்கே படுத்தான் என்பன நமக்குத் தெரியா. அவன் தெக்கப்போலி நாடெங்கும் சென்று பேசினான் என்றும் கேட்டோர் வியந்தனர் என்றும் மட்டுமே அறிகிறோம். எழுதப்படாத அந்தப் பகுதியை எழுதும் பொறுப்பு, புத்தி தெளிந்து ஊர் திரும்பும் ஒவ்வொருவரின் தெருவிலும் உள்ள சபைக்கு விடப்பட்டிருக்கிறது.